வேதம் வானத்திலிருந்து விழுந்ததா?



நம் அன்பியக் கூட்டங்களில் அடிக்கடி காணும் காட்சி இது. நற்செய்திப் பகுதி வாசிக்கப்படுகிறது. ஒருவர் கையில் திருப்பலியில் நாம் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு. பாட்டி ஒருவர் மடியில் அட்டை பிய்ந்த பழைய கத்தோலிக்கப் பதிப்பு. சீர்திருத்த சபைக் குடும்பத்திலிருந்து மருமகளாக வந்தவர் கையில் அவர் தாய்வீட்டுச் சீதனமான பரிசுத்த வேதாகமம். ஒரே வசனம் மூன்று விதமாக ஒலிக்கிறது. ஒன்றில் ‘வார்த்தை’, இன்னொன்றில் ‘வாக்கு’. ஒன்றில் ‘பரிசுத்த ஆவி’, இன்னொன்றில் ‘தூய ஆவி’. கல்லூரிக்குப் போகும் பிள்ளை கேட்கிறான்: “இதுல எது கடவுள் சொன்னது? எல்லாமே மனுஷங்க எழுதினதுதானே?” பெரியவர்கள் நாம் அதட்டி உட்கார வைத்துவிடுகிறோம். அதட்டலுக்குப் பயந்து உட்கார்ந்த பிள்ளை அந்தக் கேள்வியை விட்டுவிடுவதில்லை. சில ஆண்டுகள் கழித்துக் கோயிலை விட்டுவிடுகிறான். அதனால் இந்தக் கேள்விக்கு இன்று உட்கார்ந்து பதில் தேடுவோம்.

திருநூலுக்கு நம் முன்னோர் வைத்த பெயரிலிருந்தே தொடங்கலாம். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார் நம் மறையைச் ‘சத்திய வேதம்’ என்றார். இன்றும் கிராமங்களில் நம்மை ‘வேதக்காரர்’ என்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் ‘வேதம்’ என்ற சொல் இந்த மண்ணில் ஏற்கெனவே ஒரு பொருளைச் சுமந்துகொண்டிருந்தது. வேதத்துக்கு ஆசிரியர் கிடையாது, அது யாரும் இயற்றியதன்று என்பது இந்து சமய மரபின் ஒரு பெரும் பிரிவின் கொள்கை. ‘எழுதாக்கிளவி’ என்றே தமிழில் அதற்குப் பெயர் உண்டு. நாம் சொல்லை எடுத்துக்கொண்டபோது அந்த எண்ணமும் சேர்ந்தே வந்துவிட்டது. விவிலியம் வானத்திலிருந்து அப்படியே இறங்கியது என்று நம் மக்கள் பலர் இன்றும் நினைக்கிறார்கள். திருச்சபை அப்படிப் போதித்ததே இல்லை.

நம் மாவட்டத்து ஆவூருக்கு இந்த வரலாற்றில் பங்குண்டு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபை அருள்பணியாளர் வெனான்சியுஸ் புஷே அங்கே தங்கி மறைப்பணி ஆற்றினார். இன்றுள்ள பெரிய கோயில் 1747-இல் எழுந்தது. வீரமாமுனிவரும் அங்கே பணியாற்றியிருக்கிறார். அந்தக் காலத்து ஆவூர் மக்கள் கையில் விவிலியம் இல்லை. செபங்களும், உபதேசியார் சொல்லிக் கொடுத்த பாடமும், புனிதர் கதைகளும், பாஸ்கா நாடகமும்தான் அவர்களுக்கு விவிலியம். இன்றும் உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி ஆவூரில் பாஸ்கா நடக்கிறது, பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதே காலத்தில் கடற்கரையில் தரங்கம்பாடியில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானிய லூத்தரன் போதகர் சீகன்பால்க் 1708-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். 1715-இல் அது முழுமையாக அச்சேறிவிட்டது. தமிழில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். இதில் நாம் மறக்கக்கூடாத செய்தி ஒன்று உண்டு. கிறிஸ்தவச் சொற்களுக்காக அவர் தேடிப் படித்தவற்றில் நம் இயேசு சபையினர் எழுதிய தமிழ் நூல்களும் இருந்தன. 1719-இல் அவர் இறந்தபோது பழைய ஏற்பாட்டில் ரூத்து வரை முடித்திருந்தார். மீதியை சூல்சே முடித்தார்.

வீரமாமுனிவருக்கு அந்தத் தமிழ் பொறுக்கவில்லை. அவர் 1728-இல் எழுதிய ‘வேத விளக்கம்’ நூலில் தரங்கம்பாடியாரின் மொழிபெயர்ப்பைக் கடுமையாகப் பரிகசித்தார். இறைவாக்கை இப்படிப்பட்ட தமிழில் சொன்னால் கேட்பவன் சிரிப்பான், மறையின் மாண்பு போய்விடும் என்பது அவருடைய ஆதங்கம். தமிழைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் நியாயம் உண்டு. அந்த மொழிபெயர்ப்பைப் பின்னால் வந்த லூத்தரன் போதகர்களே திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். ஃபப்ரீசியுஸ் பல ஆண்டுகள் உழைத்துப் புதிதாகவே செய்தார்.

ஆனால் முனிவரை எவ்வளவு நேசித்தாலும், ஒரு கேள்வியை நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவருடைய தேம்பாவணியில் 3615 பாடல்கள். வளனாரின் வரலாற்றை அத்தனை அழகாகச் சொன்ன நூல் வேறில்லை. 1715-இன் அச்சுப் புத்தகத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது தமிழ் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். இருந்தும் திருப்பலியில் தேம்பாவணியை வாசகமாக வாசிக்கிறோமா? இல்லை. ஏன்? அழகு இறைஏவுதலுக்கு அளவுகோல் இல்லை. இடறும் தமிழில் இருந்தாலும் மத்தேயு நற்செய்தி நற்செய்திதான்.

புனித அகுஸ்தினாருக்கும் இளவயதில் இதே இடறல் வந்தது. சிசரோவின் இலத்தீனில் ஊறியவருக்கு விவிலியத்தின் நடை மட்டமாகத் தெரிந்தது; மூடி வைத்துவிட்டார். அவர் மீண்டும் திறந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். மாற்கு எழுதிய கிரேக்கமும் பண்டிதர் கிரேக்கமன்று, கடைத்தெரு கிரேக்கம்.

அப்படியானால் இது மனிதர் படைப்புத்தானா? திருநூலையே கேட்போம். லூக்கா தம் நற்செய்தியின் முதல் வரிகளிலேயே, எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து விசாரித்து ஒழுங்காக எழுதுவதாகச் சொல்கிறார். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, யார் யாருக்குத் திருமுழுக்குக் கொடுத்தேன் என்று எண்ணத் தொடங்கி, நடுவில் ஒரு குடும்பத்தை நினைத்துச் சேர்த்து, வேறு யாருக்கும் கொடுத்ததாக நினைவில்லை என்று விட்டுவிடுகிறார். திமொத்தேயுவுக்கு எழுதும்போது துரோவாவில் விட்டு வந்த போர்வையைக் கொண்டு வரச் சொல்கிறார். மக்கபேயர் இரண்டாம் நூலின் ஆசிரியரோ, நன்றாக எழுதியிருந்தால் மகிழ்ச்சி, சுமாராக இருந்தால் என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்ற பொருளில் நூலை முடிக்கிறார்! மேலிருந்து சொல்லச் சொல்ல எழுதியவர் இப்படிப் பேசுவாரா?

கைகள் மனிதருடையவை என்பதில் ஐயமே வேண்டாம். அதைச் சொன்னால் விசுவாசம் போய்விடும் என்று பயப்படவும் வேண்டாம். 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம் இதைத் தெளிவாக்கியது: மனிதர் எழுதிய நல்ல நூல்களுக்குத் திருச்சபை பிற்பாடு முத்திரை குத்தியதால் அவை புனித நூல்கள் ஆகவில்லை, தூய ஆவியின் ஏவுதலால் எழுதப்பட்டதால் கடவுளே அவற்றின் ஆசிரியர். 1965 நவம்பர் 18-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்னொரு படி போனது. அந்த மனிதர்களும் உண்மையான ஆசிரியர்களே, தங்கள் அறிவையும் ஆற்றலையும் கொண்டே எழுதினார்கள், நம் மீட்புக்காகக் கடவுள் சொல்ல விரும்பிய உண்மையைப் பிழையின்றித் தந்தார்கள் என்றது. பாதி கடவுள், பாதி மனிதர் என்று பங்கு பிரிக்கும் கணக்கு இதில் இல்லை. மரியாவிடம் பிறந்த குழந்தையில் எந்தப் பங்கு கடவுள், எந்தப் பங்கு மனிதர் என்று நாம் பிரிக்கிறோமா? வாக்கு மனிதர் ஆனதை நம்பும் நாம், இறைவாக்கு மனித மொழியானதைக் கண்டு ஏன் திகைக்க வேண்டும்?

நம் இஸ்லாமியச் சகோதரர்களின் நம்பிக்கை வேறு. அவர்களுக்குத் திருக்குர்ஆன் அரபு மொழியில் அருளப்பட்டபடியே இறைவேதம், பிற மொழியில் தருவது அதன் விளக்கமே. நமக்கு அப்படியில்லை. மொழிபெயர்ப்பிலும் நாம் இறைவாக்கையே கேட்கிறோம். ஆகவேதான் மொழிபெயர்ப்பவரின் பொறுப்பு பெரிது. இணைத் திருமுறையில் உள்ள சீராக்கின் ஞானம் நூலைத் திறந்தால், அதன் வாசலிலேயே ஆசிரியரின் பேரன் நிற்கிறார். தாத்தா எபிரேயத்தில் எழுதியதைக் கிரேக்கத்தில் கொண்டு வந்தவர் அவர். சில இடங்களில் சரியாக வரவில்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரு மொழியில் சொன்னதற்கு அதே வலு இன்னொரு மொழியில் இருக்காது என்று வேண்டுகிறார். சீகன்பால்க்கும் முனிவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து இந்தப் பக்கத்தைச் சேர்ந்து படித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அவர்கள் உட்காரவில்லை. ஆனாலும் வேடிக்கை பாருங்கள். முனிவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் அச்சானது எங்கே? அவர் பரிகசித்த அதே தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில்தான். திருத்தமான தமிழ் கற்க எதிராளியின் நூலே அவர்களுக்கு வேண்டியிருந்தது. கத்தோலிக்கர் நம் கைக்கு முழுப் புதிய ஏற்பாடு அச்சில் வந்ததோ பத்தொன்பதாம் நூற்றாண்டில். நாம் தாமதித்தது உண்மை. பிறகு 1995-இல் திண்டிவனத்திலிருந்து பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தபோது, அதில் உழைத்தவர்களில் கத்தோலிக்க அறிஞரும் இருந்தார்கள், சீர்திருத்த சபை அறிஞரும் இருந்தார்கள். ‘வேத விளக்கம்’ எழுதப்பட்டு அப்போது 267 ஆண்டுகள் ஆகியிருந்தன.