வள்ளுவரின் துலாக்கோலும் மோசேயின் எடைக்கல்லும்

மேற்கு மலையின் அடிவாரத்தில், மதுரையிலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில் இருக்கிறது வாசுதேவநல்லூர். நெல், கரும்பு, எலுமிச்சை மூன்றும் இந்த மண்ணின் வரும்படி. இவற்றை வைத்துக்கொண்டு விலை பேசிக் காத்திருக்க எளிய விவசாயியால் முடியாது. பறித்த எலுமிச்சை வாடும், வெட்டிய கரும்பு காய்ந்து எடை இழக்கும், நெல்லைக் கொட்டி வைக்க இடம் இருக்காது. அன்றைக்கு மண்டியில் என்ன விலையோ, தராசு என்ன காட்டுகிறதோ, அதுதான் அவருக்குக் கூலி. வணிக நேர்மையைப் பற்றித் திருக்குறள் சொல்வதையும் வேதாகமம் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க, இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன என்று மேடையில் பேசிவிட்டுப் போவது எளிது. பெரும்பகுதி உண்மையும்கூட. ஆனால் இரண்டிலும் தராசு எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தால் வேறுபாடு தெரியும்.

வள்ளுவர் ‘நடுவு நிலைமை’ அதிகாரத்தில் தராசை 118-ஆம் குறளில் கொண்டுவருகிறார். அங்கே தராசு மனிதனுக்கு ஆசான். தான் முதலில் சமமாக நின்று, பிறகு வைத்த பொருளைச் சீர்தூக்கும் கோலைப் போலச் சான்றோர் இருக்க வேண்டும் என்கிறார். இரண்டு குறள் தள்ளி, பிறர் பொருளையும் தம்முடையது போலப் பேணுவதே வணிகருக்கு வணிகம் என்று முடிக்கிறார். இதற்கு உரை சொல்லும் பரிமேலழகர், வாங்குவதில் மிகையும் கொடுப்பதில் குறையும் கூடாது என்று விரிக்கிறார். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றி உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் தந்த சித்திரமும் இதுதான். பழிக்கு அஞ்சி, உண்மை பேசி, கூடுதலாக வாங்காமல், குறைவாகக் கொடுக்காமல் விற்றவர்கள் அவர்கள்.

வேதாகமத்தில் தராசு குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் தராசு, எடைக்கல், முகத்தல் அளவை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. உபாகமம் 25-ஆம் அதிகாரம் வணிகரின் பைக்குள்ளேயே கையை விடுகிறது. பெரியதும் சிறியதுமாக இரண்டு வகைக் கல் வைத்திருக்காதே என்கிறது. அந்தக் காலத்து யூதேயாவின் எடைக்கற்கள் அகழாய்வில் நிறையக் கிடைத்திருக்கின்றன. சுண்ணாம்புக்கல்லில் வட்டமாகச் செதுக்கிய சின்னக் கற்கள். ஒரு சேக்கல் என்பது சுமார் 11 கிராம். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு கற்களில் ஒன்று அரை கிராம் கூடுதலாக இருந்தால் எந்த விவசாயிக்குத் தெரியப்போகிறது? கொள்முதலுக்குப் பெரிய கல், விற்பனைக்குச் சிறிய கல். அந்தக் கல்லைப் பயன்படுத்தினால்தான் குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. பையில் இருந்தாலே குற்றம்.

வள்ளுவர் மனிதனை நம்பிப் பேசுகிறார். லேவியராகமத்திலும் உபாகமத்திலும் உள்ள மோசேயின் சட்டம் மனிதன்மேல் சந்தேகப்பட்டுப் பேசுகிறது. நான் இரண்டாவதன் பக்கம் சற்றுச் சாய்கிறேன். காரணம் மண்டி. எலுமிச்சை மூட்டையைத் தராசில் ஏற்றுகிறார்கள். எண் ஆடி அடங்குவதற்குள் சீட்டில் ஏறிவிடும். சாக்குக்கு ஒரு கழிவு, வாடலுக்கு ஒரு கழிவு, பிறகு கமிஷன், ஏற்றுகூலி, இறக்குகூலி. திரை எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது, முத்திரை எந்த ஆண்டுக்கு உரியது என்று கேட்கும் துணிச்சல், முன்பணம் வாங்கிய சிறு விவசாயிக்கு எப்படி வரும்? மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. வணிகரின் நல்ல மனத்தை யாரும் சோதிக்க முடியாது. முத்திரையைச் சோதிக்க முடியும்.

வாங்குபவரின் தந்திரத்தையும் வேதாகமம் விட்டுவைக்கவில்லை. நீதிமொழிகள் 20-ஆம் அதிகாரத்தில் ஒருவன் வருகிறான். சரக்கைப் பார்த்து மோசம், மோசம் என்று சொல்லி விலையை அடிக்கிறான்; வாங்கிக்கொண்டு போனபின் தன் சாமர்த்தியத்தைப் பெருமையாகச் சொல்கிறான். வாசுதேவநல்லூரின் பழம் புளியங்குடி மார்க்கெட்டுக்குப் போனாலும் கேரளாவுக்கு ஏறினாலும் அந்த ஆளைப் பார்க்கலாம். ஒரு பழத்தை அமுக்கிப் பார்த்து, “தோல் தடிப்பு, சாறே இல்லையே அண்ணாச்சி” என்பார். அதே பழம் மறுநாள் முதல் தரமாக விலை போகும்.

அளவையைக் கோயிலோடு கட்டிவைத்ததில் இரண்டு மரபும் அழகாக ஒத்துப்போகின்றன. யாத்திராகமம் ‘பரிசுத்த ஸ்தலத்துச் சேக்கல்’ என்று ஒரு நிலையான எடையைச் சொல்லி, அது 20 கேரா என்று வரையறுக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், நெல் அளக்கும் மரக்காலுக்கு ஆடவல்லான் என்று கூத்தப்பெருமானின் பெயரே இருக்கிறது. அந்தப் பெயர் தாங்கிய மரக்காலில் குறைத்து அளப்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதில் ஊராருக்கு ஐயம் இருந்திருக்காது.

ஏமாற்றுபவர் பேரில் இரண்டு நூலுக்கும் கோபம் உண்டு, ஆனால் அதன் நிறம் வேறு. பிறர் அழக் கொண்டது அழவைத்தே போகும் என்பதும், வஞ்சத்தால் சேர்த்த பொருள் சுடாத மண்கலத்தில் ஊற்றிய நீர் என்பதும் வள்ளுவரின் தீர்ப்பு. தீமை தன் பாரத்தாலேயே உடையும் என்று அவர் உறுதியாக நம்புகிறார். வேதாகமத்தின் தீர்க்கதரிசி ஆமோஸ் அப்படிக் காத்திருக்கவில்லை. ஆடு மேய்த்த, அத்திமரம் பார்த்த மனிதர் அவர். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறந்து மரக்காலைச் சிறிதாக்கிப் பதரையும் கோதுமையோடு விற்கலாம் என்று காத்திருக்கும் வியாபாரிகளை முகத்துக்கு நேராகக் கேட்கிறார். அவர் கண் முழுக்க, மறுமுனையில் நிற்கும் ஏழையின்மேல்தான்.

ஏமாற்றியபின் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு வேதாகமம் கணக்கோடு பதில் சொல்கிறது. முதலைத் திருப்பித் தந்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்து உரியவர் கையில் கொடுக்கச் சொல்கிறது லேவியராகமம் 6. வரி வசூலில் கொழுத்த சகேயு, இயேசு தன் வீட்டுக்கு வந்த அன்று, அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் தருவதாகச் சொன்னார். கூலிக்காரனுக்கோ பொழுது சாய்வதற்குள் கூலி என்கிறது உபாகமம் 24.

கரும்புக்கும் இப்படி ஒரு கெடு உண்டு. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கைமாறிய 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. நிலுவைக்காகக் கரும்பு விவசாயிகள் போராடும்போது அசலை மட்டும் பேசி முடித்துவிடப் பார்ப்பது நாட்டில் வழக்கமாகிவிட்டது. அந்த 15 சதவீதம் யாரும் தரும் சலுகை இல்லை. அது விவசாயியின் பணம். அதையும் எண்ணி அவர் கையில் கொடுக்க வேண்டும்.