கரைக்குள் இருக்கும் நீர்

வடக்கு லண்டனில் பொண்டர்ஸ் எண்டிலிருந்து சிங்ஃபோர்டுக்குப் போகும் லீ வேலி ரோடு இரண்டு நீர்த்தேக்கங்களுக்கு நடுவே ஓடுகிறது. வடக்கே இருப்பது கிங் ஜார்ஜ், 1913இல் திறந்தது. தெற்கே இருப்பது வில்லியம் கெர்லிங், 1951இல் திறந்தது. இரண்டுக்கும் மண் கரைதான். ஊரில் குளக்கட்டு என்போமே, அந்த இனம். காரில் போகிறவருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் தெற்குக் கரை 1937 ஜூலையில், கட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்தது.

அப்போது அது எட்டு மீட்டர் அளவுக்குத்தான் எழும்பியிருந்தது. உள்ளே ஒரு சொட்டு நீர் தேக்கவில்லை. அதே பள்ளத்தாக்கில், அதே மாதிரி மண்ணின் மேல் பழைய கரை அசையாமல் நிற்க, இது மட்டும் ஏன் போனது?

பழைய கரைக்கு மண் மெல்ல மெல்லத்தான் வந்து சேர்ந்தது. 1937இல் இயந்திரங்கள் வந்துவிட்டன. கரை விறுவிறுவென உயர்ந்தது. அடியில் மென்மையான மஞ்சள் களிமண் ஒரு படுகையாகக் கிடந்தது, அதை யாரும் தோண்டி எடுக்கவில்லை. களிமண்மேல் சுமை ஏறினால் அதன் துகள்களுக்கிடையே இருக்கும் நீர் கசிந்து வெளியேற வேண்டும். அதற்கு மாதங்கள், சில வேளை ஆண்டுகள் பிடிக்கும். அவகாசம் கொடுக்காவிட்டால் புதிய சுமையைத் துகள்கள் தாங்குவதில்லை, நீரே தாங்குகிறது. நீருக்கு அழுத்தத்தைத் தாங்கத் தெரியும். வழுக்கலைத் தடுக்கத் தெரியாது.

இதை ஏற்கெனவே கணக்காகச் சொல்லியிருந்தவர் கார்ல் டெர்சாகி. 1925இல் வியன்னாவில் வெளியான அவருடைய நூலோடுதான் நவீன மண் இயக்கவியல் தொடங்கியது என்பார்கள். சிங்ஃபோர்டுக்கு ஒப்பந்ததாரர்கள் அவரை அழைத்தார்கள். சரிவை ஆராய்ந்த அரசுக் கட்டட ஆய்வு நிலையத்தில் அதற்கு முந்தைய ஆண்டுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார் 23 வயது அலெக் ஸ்கெம்ப்டன். பிரிட்டனில் இந்தத் துறை வளர்ந்தது பெரும்பாலும் அந்த ஒரு சரிவிலிருந்துதான்.

கோட்பாடு சரி. ஆனால் இன்று, இந்தக் கரையில், இந்த ஆழத்தில் நீரழுத்தம் எவ்வளவு? அதற்கு உள்ளேயே ஒரு கருவியைப் புதைக்க வேண்டும். அதன் பெயர் பியசோமீட்டர். போருக்குப் பின் வந்த அணைகளில் பரவலான வகைக்கு நுண்துளைகள் கொண்ட பீங்கான் முனை ஒன்றும், அதிலிருந்து போகும் இரண்டு மெல்லிய குழாய்களும் உண்டு. ஏன் இரண்டு? குழாயில் ஒரு காற்றுக்குமிழி சிக்கினாலும் அளவு பொய்யாகும்; ஆகவே காற்று நீக்கிய நீரை ஒன்றின் வழியே அனுப்பி மற்றதன் வழியே வெளியே எடுத்துக் கழுவுவார்கள்.

புதைப்பது பொறுமையான வேலை. ரோலர் மிதித்து முடித்த தளத்தில் சிறு பள்ளம் வெட்டி, முனை மண்ணோடு இடைவெளியின்றி ஒட்டும்படி அழுத்துவார்கள். குழாய்களை நேராக இழுக்கக் கூடாது. கரை அமுங்கும்போது அறுந்துவிடும், ஆகவே பாம்புபோல நெளியவிட வேண்டும். மேலே கல் நீக்கிச் சலித்த மண், அதையும் கையால்தான் திமிசு போட வேண்டும். இடையிடையே பெண்டொனைட் களிமண்ணால் அடைப்பு வைக்க வேண்டும். இல்லையென்றால் நீரை அளக்கப் போட்ட குழாயே நீருக்கு வழியாகிவிடும். (கணினிக் கண்காணிப்பில் வேலை செய்பவன் என்ற முறையில் எனக்கு இது புதிதல்ல. அளக்கப் போன மென்பொருளே அமைப்பைப் படுக்க வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.) இப்போது பெரும்பாலும் அதிரும் கம்பி வகைதான். உள்ளே இழுத்துக் கட்டிய கம்பியை மின்காந்தம் சுண்டும். அழுத்தம் மாறினால் கம்பியின் இறுக்கம் மாறும், சுருதியும் மாறும். வீணை கற்ற பிள்ளைகளுக்கு விளக்கம் தேவையில்லை.

வேல்ஸில் ஸ்வான்சி நகருக்காக 1950களில் கட்டிய அஸ்க் அணையில் இந்தக் கருவிகள் தங்கள் கூலியைக் கொடுத்தன. மழை அதிகம், நிரப்பிய மண்ணும் ஈரம். கட்டும்போதே நீரழுத்தம் ஏறுவதைக் கருவிகள் காட்டின. பொறியாளர்கள் கரைக்குள் கிடையாக வடிகால் அடுக்குகளை இட்டார்கள். அணை 1955இல் முடிந்து, இன்றும் நிற்கிறது. இதில் நான் வியப்பது கருவியை அல்ல. ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு, பாதி எழுந்த அணையின் வரைபடத்தைத் திருத்த ஒப்புக்கொண்டார்களே, அதைத்தான்.

ஆனால் பியசோமீட்டர் தான் இருக்கும் இடத்து நீரைத்தான் சொல்லும். டார்பிஷயரில் கார்சிங்டன் அணை 1984 ஜூன் தொடக்கத்தில், ஏறக்குறைய முழு உயரமும் எட்டிய நிலையில், நீர் தேக்கும் பக்கமாக 400 மீட்டர் நீளத்துக்குச் சரிந்தது. அங்கே அளவிகள் இருந்தன. அடியில் விட்டுவைத்த களிமண்ணில் பனியூழிக் காலத்திலேயே நழுவி வழவழப்பான தளங்கள் இருந்தன. நீரழுத்த அளவி அவற்றைக் காட்டாது. சரிவு ஓரிடத்தில் தொடங்கி, பக்கத்து மண்ணின் வலுவைப் படிப்படியாகத் தின்றுகொண்டு பரவியது.

ஆராய வந்தவர்களில் ஸ்கெம்ப்டனும் ஒருவர். அந்த வாரம்தான் அவருக்கு எழுபது நிறைந்திருந்தது. அடியில் அவர் கண்டதும் மஞ்சள் களிமண்.

சரிந்த கரையை அகற்றி, அந்தக் களிமண்ணையும் தோண்டியெடுத்து, மறுபடி கட்டினார்கள். 1992இல் அரசி வந்து திறந்துவைத்தார்.