சலப்பைக்கு மின்சாரம்: ஒரு கொப்பியில் முடிவாகும் சிகிச்சையின் வரலாறு

நமது ஊர்களில் பலர் வாய் திறந்து சொல்லாத வருத்தம் ஒன்று இருக்கிறது. சலத்தை அடக்க முடியாமை. அவசரம் வந்தால் கழிவறைக்குப் போய்ச் சேருமுன் நனைந்துவிடும். இரவில் நாலைந்து தரம் எழும்ப வேண்டும். இதனால் கலியாண வீட்டுக்குப் போகாதவர்கள், பஸ் பயணத்தை விட்டவர்கள், வுழூ நிற்காது என்று பள்ளிக்குப் போவதைக் குறைத்தவர்கள் நம் குடும்பங்களிலேயே உண்டு. "வயசு போனால் அப்படித்தான்" என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

வைத்திய உலகம் இதை அப்படி விடவில்லை. மின்சாரத்தைக் கொண்டு இதற்கு வழி தேடிய வரலாறு நூறு வருடங்களுக்கும் மேற்பட்டது.

முதலில் சலப்பையின் வேலையைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் சலப்பை ஏறக்குறைய 400 முதல் 500 மில்லிலீற்றர் வரை கொள்ளும். பை நிரம்பும் செய்தியை, முள்ளந்தண்டின் அடியிலுள்ள திருவென்பின் துளைகள் வழியாகச் செல்லும் நரம்புகள் கொண்டுபோகின்றன. மூளை "பொறு" என்றால் பை தளர்ந்திருக்கும், வாசல் தசை இறுகியிருக்கும். இந்தப் போக்குவரத்தில் குழப்பம் வந்தால் பை நிரம்ப முன்னரே சுருங்கும். சிலருக்கு நிரம்பியும் சுருங்காது. ஆகவே பலருக்குக் கோளாறு பையில் அல்ல, செய்தி போய்வரும் பாதையில்.

1878 இல் டென்மார்க்கைச் சேர்ந்த வைத்தியர் சக்ஸ்டோர்ப், சலம் போகாமல் அவதிப்பட்டவர்களின் சலப்பைக்குள் குழாய் வழியாக மின்வாயைச் செலுத்திப் பார்த்தார். 1963 இல் இங்கிலாந்தின் எக்ஸெற்றர் நகரில் கால்டுவெல் வேறு திசையில் போனார். சலம் கசிபவர்களின் வாசல் தசையருகே மின்வாய்களைப் பதித்து, அந்தத் தசையை இறுக்க முயன்றார்.

முள்ளந்தண்டு முறிந்தவர்களின் நிலை இன்னும் மோசம். சலம் தேங்கித் தொற்று ஏற்பட்டு, சிறுநீரகம் பழுதாகி உயிரிழந்தவர்கள் ஒரு காலத்தில் ஏராளம். இவர்களுக்காக லண்டனில் உழைத்தவர் உடற்றொழிலியலாளர் ஜைல்ஸ் பிரிண்ட்லி. முதலில் பபூன் குரங்குகளில் பரிசோதித்து, 1970களின் பிற்பகுதியில் மனிதரில் கருவியைப் பதித்தார். உள்ளே பற்றரி கிடையாது. தோலுக்கு வெளியே ஒரு சிறு கருவியை வைத்து அழுத்தினால், ரேடியோ அலை மூலம் நரம்பு வேர்கள் தூண்டப்பட்டுப் பை சுருங்கும்.

அதே காலத்தில் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எமில் தனாகோ, ரிச்சர்ட் ஷ்மிட் இருவரும் நாய்களில் ஆய்வு செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தேடியதும் பையைக் காலியாக்கும் வழியைத்தான். ஆனால் திருவென்பின் மூன்றாவது நரம்புக்கு மெல்லிய மின் துடிப்பைத் தொடர்ந்து கொடுத்தபோது, தறிகெட்டுச் சுருங்கும் பை அமைதியடைந்தது. விரட்டுவதற்காகத் தேடிய மின்சாரம் அடக்குவதற்கு உதவியது. 1980களின் தொடக்கத்தில் இதை மனிதரில் ஆரம்பித்தார்கள். அவசரத்தில் சலம் கசிபவர்களுக்கு இச்சிகிச்சையைச் செய்ய அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 1997 இல் அனுமதி வழங்கியது. 1999 இல், அடிக்கடி சலம் போகிறவர்களுக்கும், பாதையில் தடை இல்லாமலே சலம் தேங்குகிறவர்களுக்கும் அது விரிந்தது. ஆரம்பத்தில் முதுகின் அடியைத் திறந்து செய்த சத்திரசிகிச்சை, 2000களில் ஊசித் துளை வழியாகவே கம்பியைச் செலுத்தும் அளவுக்குச் சுருங்கியது. 2019 இல் தோலுக்கு மேலாகச் சார்ஜ் செய்யும் கருவியும் அனுமதி பெற்றது.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. கருவியை எடுத்த எடுப்பில் நிரந்தரமாகப் பதிப்பதில்லை. முதலில் கம்பியை மட்டும் வைத்து, கருவியை வெளியே இடுப்பில் கட்டிச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை பார்ப்பார்கள். அந்த நாட்களில் நோயாளி ஒரு கொப்பி எழுத வேண்டும்: எத்தனை மணிக்குப் போனேன், எவ்வளவு போனது, எத்தனை தரம் கசிந்தது. பழைய நிலையை விடக் குறைந்தது பாதியாவது முன்னேற்றம் தெரிந்தால்தான், பிட்டத்தின் மேற்பகுதியில் தோலுக்குக் கீழே கருவி வைக்கப்படும். இத்தனை பெரிய தொழில்நுட்பம், கடைசியில் நோயாளி உள்ளதை உள்ளபடி எழுதும் ஒரு கொப்பியை நம்பி நிற்கிறது. அவர் மறைத்தால் எந்த வைத்தியராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இது விலை கூடிய சிகிச்சை. தொற்று வரலாம், கம்பி இடம் மாறலாம், மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். அதனால் இது முதல் படி அல்ல. சலத் தொற்றும் சீனி வருத்தமும் இருக்கிறதா என்ற சோதனை, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, நேரம் வைத்துச் சலம் கழிக்கும் பழக்கம், மாத்திரை ஆகியவை முன்னே வருகின்றன. பலருக்கு அவற்றிலேயே சுகம் கிடைக்கிறது. அந்த முதல் படிக்கும் வாய் திறந்து சொல்லத்தான் வேண்டும்.

நமது ஃபிக்ஹு நூல்களில் "ஸலஸுல் பவ்ல்" என்று இந்த வருத்தத்துக்குப் பெயரே உண்டு. சலம் நிற்காதவர் எப்படி வுழூச் செய்வது, எப்படித் தொழுவது என்று அன்றைய உலமாக்கள் கூச்சமில்லாமல் எழுதி வைத்தார்கள். அவர்கள் எழுதியதை நாம் பேசவே வெட்கப்படுகிறோம்.

வீட்டில் உம்மாவோ வாப்பாவோ பயணங்களைத் தவிர்க்கிறார்களா, தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்களா என்று கவனிப்போம். தனியாக, மெதுவாகக் கேட்போம். கிளினிக்குக்குப் போகும்முன் மூன்று நாள் கணக்கை ஒரு கொப்பியில் எழுதிக் கொடுப்போம். எழுதத் தெரியாதவர்களுக்கு நாம் எழுதிக் கொடுப்போம்.