ஸ்காலா, லண்டன்

லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்கு அருகில், பென்டன்வில் சாலையில் உள்ள பழைய திரையரங்கு. இன்று இசை அரங்கு. முதல் உலகப் போரால் கட்டுமானம் தடைபட்டு, 1920இல் கிங்ஸ் கிராஸ் சினிமா என்ற பெயரில் திறக்கப்பட்டது. பின்னர் கோமான்ட், ஓடியன் எனப் பெயர்கள் மாறின.

1972 ஜூலையில் அடுத்தடுத்த இரவுகளில் லூ ரீடும், இக்கி பாப்பின் ஸ்டூஜஸ் குழுவும் இங்கே பாடினர். அப்போது புகைப்படக் கலைஞர் மிக் ராக் எடுத்த படங்கள்தாம் ‘டிரான்ஸ்ஃபார்மர்’, ‘ரா பவர்’ இசைத்தட்டுகளின் அட்டையில் இடம்பெற்றன. ராக் இசை வரலாற்றில் இக்கட்டடத்துக்கு இடம் கிடைக்க இந்த இரண்டு இரவுகளே போதும்.

டாட்டன்ஹாம் தெருவில் இயங்கிவந்த ஸ்காலா சினிமா 1981இல் இங்கு குடிபெயர்ந்தது; முதலில் திரையிட்ட படம் ‘கிங் காங்’. நாள்தோறும் படம் மாறும். திகில் படம், கலைப் படம், ஜான் வாட்டர்ஸின் கோணங்கிப் படங்கள் என எதற்கும் விலக்கில்லை. விடிய விடியக் காட்சிகள் நடக்கும். கீழே ஓடும் பாதாள ரயிலின் அதிர்வு இருக்கைவரை எட்டும். அரங்கின் பூனைகள் ரசிகர்களின் மடிமீது தாவும். வசதி குறைவுதான், ஆனால் வந்தவர்கள் அதற்காகவே வந்தார்கள் என்று தோன்றுகிறது.

ஸ்டான்லி குப்ரிக் பிரிட்டனில் திரும்பப் பெற்றிருந்த ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ படத்தை அனுமதியின்றித் திரையிட்டதால் வழக்கு வந்தது. அதன் சுமையோடு 1993இல் திரையரங்கு மூடப்பட்டது. 1999 முதல் இது இசை அரங்காக இயங்கிவருகிறது.