ஓய்மாநாட்டு வழிச்சோறு

சென்னையினின்று திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியில், திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே இன்றுள்ள உண்டிச்சாலைகள் பல. பிரயாணிகள் இறங்கி, விலைகொடுத்து, உண்டு செல்கின்றனர். அருகில் அமர்ந்திருப்பவர் யாவர் என எவரும் வினவுவதில்லை. இந்நிலை எவ்வாறு வந்ததென்பதை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இளஞ்சிறாரும் அறிதல் நலமெனக் கருதி இது எழுதலாயிற்று.

திண்டிவனத்தின் ஒரு பகுதியாக விளங்கும் கிடங்கால், பண்டு ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனது கிடங்கில் என்னும் மூதூராம். அவன்மீது இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளையுடையது. அதன்கண், பரிசில் பெற்ற பாணனொருவன் வறிய பாணனை அம்மன்னன்பால் ஆற்றுப்படுத்துங்கால், வழியில் எவ்வெவ்வூரில் என்னென்ன உணவு கிடைக்குமென்றும் சொல்லிவிடுகின்றான். எயிற்பட்டினத்தில் நுளையர் கள்ளும் சுட்ட மீனும் தருவர். வேலூரில் எயினர் குடியினர் புளியிட்ட சுடுசோற்றை ஆமான் சூட்டிறைச்சியொடு அளிப்பர். (இது வட ஆர்க்காட்டு வேலூரன்று.) ஆமூரிலோ உழவர் மனையார் போகவிடாது தடுத்து, வெண்சோற்றை நண்டின் கலவையொடு படைப்பர். விலையென்னும் பேச்சே ஆண்டில்லை. பசித்துப் பாடிவருவோனை மீனவரும் வேடரும் உழவரும் தத்தம் மனையில் உண்பித்தனர் என்பதே செய்தி. அப்பாணர் மரபோ பின்னாளில் தீண்டத்தகாததென ஒதுக்கப்பட்டது. திருப்பாணாழ்வார் திருவரங்கத்தினுள் அடிவைக்க அஞ்சிக் காவிரிக்கரையில் நின்று பாடினார் என்பர் வைணவ ஆசிரியர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் நம் நாடு இழந்தது யாதென்பதை அன்பர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

பின்னர்ச் சத்திரங்கள் எழுந்தன. அரசரும் செல்வரும் நிலம் விட்டு, யாத்திரிகர்க்குச் சோறிட்டனர். அறம் பெரிதே, ஆயினும் பந்தி வேறாயிற்று. சமைத்த உணவு பிராமணர்க்கே என வரையறுத்த கட்டளைகள் பலவுள. அது பொறாத ஏனைய சமூகத்தார் தத்தமக்கெனச் சத்திரங்கள் கட்டிக்கொண்டனர். தன்மானம் பற்றிய செயல்தான் அது. எனினும் தம் வாயிலிலும் தமக்குக் கீழெனக் கருதினோரை நிறுத்தி ஒரு கோடு கிழித்தனர் என்பதை மறைத்தற்கில்லை.

புகைவண்டி வந்தது. 1879-இல் புதுச்சேரிக் கிளை திறக்கப்பட, விழுப்புரம் சந்திப்பாயிற்று; இன்று ஐந்து திசைக்கு அங்கிருந்து இருப்புப்பாதை செல்கின்றது. மாட்டுவண்டியில் ஊர்தோறும் தங்கிச் சென்றவர், புகைவண்டியில் ஒரே பலகைமீது நெருங்கி அமர்ந்தனர். ஆனால் நிலைய உணவகத்தில் இறங்கியவுடன் பிராமணர்க்கு ஓரிடம், ஏனையோர்க்கு வேறிடம்! ஒரே கட்டணச் சீட்டு பெற்றவர்க்கு இரண்டு பந்தி ஏன் என்று பெரியார் ஈ. வே. ராமசாமியும் சுயமரியாதை இயக்கத்தாரும் ஓயாது கேட்டனர். 1941-இல் அவ்வேறுபாடு இரயில்வே உணவகங்களில் நீங்கியது. நகரங்களிலிருந்த காப்பி கிளப்புகளில் 'பிராமணாள்' என்னும் பலகை அதன்பின்னும் தொங்கிற்று. திருவல்லிக்கேணி விடுதியொன்றின் முன் அதனையெதிர்த்து 1957-இல் பெருங்கிளர்ச்சி நடந்தமை யாவரும் அறிந்ததே.

1975-இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. பேருந்துகள் பெருகின. பிறகு சாலை நான்கு வழியாக அகன்று ஊரைச் சுற்றிச் சென்றது; சாலையோரப் புளியமரங்கள் வீழ்ந்தன. ஊர்நடுவே வழிப்போக்கரை நம்பியிருந்த சிறுகடைகள் மெலிய, புறவழியில் பெருவிடுதிகள் எழுந்தன. அவற்றின் விலையும் சுவையும் குறித்துப் பிரயாணிகள் கூறுவதை ஈண்டு எழுதப்புகின் ஏடு போதாது!

உண்டிச்சாலையில் ஜாதி பற்றி எவரையும் தடுத்தலாகாதென 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு விதித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. அதன் பின்னரும் தமிழ்நாட்டு உட்கிராமத் தேநீர்க் கடைகள் பலவற்றில் இரட்டைக் குவளை நெடுங்காலம் நீடித்தது. காரணம் தேட வேண்டுவதில்லை. பெருவழிக் கடைக்காரன் வருவோனது குலத்தை அறியான். அறிய அவனுக்குப் பொழுதுமில்லை. கிராமத்துக் கடைக்காரனோ ஒவ்வொருவனையும் பாட்டன் பெயரோடு அறிவான்.