முரளியின் முழங்கையும் 15 டிகிரியும்

தெருவுல கிரிக்கெட் ஆடின எல்லாருக்கும் ‘மாங்கா’ன்னா என்னன்னு தெரியும். பந்தைப் போடாம, முழங்கையை மடக்கி எறியுறது. பாலாத்து மணல்ல நாங்க ஆடும்போது “டேய், மாங்கா போடுறான்டா”ன்னு ஒருத்தன் கத்தினா ஆட்டம் அங்கேயே நிக்கும். தீர்ப்பு சொல்ல எங்ககிட்ட இருந்த ஒரே கருவி கண்ணு. 1995-ல சர்வதேச கிரிக்கெட்டோட நிலைமையும் கிட்டத்தட்ட அதேதான்.

1995 டிசம்பர் 26, மெல்போர்ன். மைதானத்துல 55,000 பேருக்கு மேல கூட்டம். முத்தையா முரளிதரனுக்கு 23 வயசு. நடுவர் டாரல் ஹேர் மூணு ஓவருக்குள்ள ஏழு தடவை நோ-பால் கொடுத்தார். கால் கோட்டைத் தாண்டினதுக்காக இல்லை, கை எறியுதுன்னு. பத்து நாள் கழிச்சு பிரிஸ்பேன்ல ராஸ் எமர்சனும் அதையே செஞ்சார். முரளி லெக்-பிரேக் போட்டுப் பார்த்தார். அதுக்கும் நோ-பால்.

முரளியோட தாத்தா தமிழ்நாட்டுல இருந்து தேயிலைத் தோட்ட வேலைக்காக இலங்கைக்குப் போனவர். அப்படி ஒரு மலையகத் தமிழ்க் குடும்பத்துல இருந்து ஒருத்தர் இலங்கை அணிக்கு வந்திருக்கார். அவர் மேல ‘எறியுறவன்’னு முத்திரை குத்தினா, அதோட எல்லாம் முடிஞ்சது.

விதி என்ன சொல்லுது? மடங்கின கையோட பந்து போடலாம், அது தப்பில்லை. கை தோள் உயரத்துக்கு வந்ததுல இருந்து பந்து விரலை விட்டுப் போற வரைக்கும் முழங்கை நிமிரக் கூடாது. முரளியோட வலது முழங்கை பிறவியிலேயே முழுசா நிமிராது. அப்புறம் ஏன் அத்தனை பேர் கண்ணுக்கும் அது நிமிர்ற மாதிரி தெரிஞ்சது?

இங்கதான் என் தொழில் உதவுது. அன்னைக்கு ஆஸ்திரேலிய டிவியில நொடிக்கு 25 படம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல 40 மில்லிசெகண்ட். பந்து போடுற அந்த முக்கியமான கட்டமே நொடியில பத்துல ஒரு பங்கு அளவுதான். அப்போ கிடைக்கிறது ரெண்டு, மூணு படம். எங்க ஊர் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயில்ல நேரம் காட்டும் கல் ஒண்ணு இருக்கு. குச்சியை வெச்சா நிழல் மணி சொல்லும். நல்ல கருவிதான். ஆனா அதை வெச்சு 100 மீட்டர் ஓட்டத்தை அளக்க முடியுமா?

இன்னொரு சிக்கல் கோணம். ஒரு கம்பியை லேசா வளைச்சு சுழற்றிப் பாருங்க. வளைவு மாறவே மாறாது. ஆனா ஒரு பக்கமா நின்னு பார்த்தா ஒரு கணம் நேரா தெரியும், மறுகணம் வளைஞ்சு தெரியும். ஒரே ஒரு கேமராவுக்கு அது நிமிர்ற மாதிரிதான் இருக்கும்.

வேகத்தைத் துண்டு துண்டா வெட்டிப் பார்க்கிறது புதுசு இல்லை. 1878-ல மைபிரிட்ஜ், ஓடுற குதிரையோட நாலு காலும் ஒரே நேரத்துல தரையை விட்டு எழும்புறதைப் படமாக்கினார். 1938-ல எம்.ஐ.டி.யின் ஹெரால்ட் எட்ஜர்டன், நொடிக்கு 100 தடவை மின்னுற விளக்கை வெச்சு டென்ஸ்மோர் ஷூட்டோட கோல்ஃப் ஸ்விங்கை ஒரே படத்துல பதிச்சார். கோல்ஃப் மட்டையோட தண்டு வளையுறது அதுல தெரிஞ்சது.

1996-ல முரளி மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்துலயும் ஹாங்காங்லயும் அதிவேகக் கேமராக்கள் முன்னாடி பந்து போட்டார். நொடிக்கு 250 படம்னு வெச்சா இடைவெளி 4 மில்லிசெகண்ட்தான். பல கோணங்களைச் சேர்த்தா முப்பரிமாணக் கணக்கும் கிடைக்கும். எறியுற மாதிரி தெரிஞ்சது கண்ணோட மாயைன்னு முடிவு வந்தது.

ஆனா கேமரா முரளியோட வக்கீல் இல்லை. 2004-ல அவரோட தூஸ்ராவை அதே பல்கலைக்கழகம் சோதிச்சப்போ முழங்கை 14 டிகிரி நிமிர்ந்தது. பயிற்சிக்கு அப்புறம் 10 டிகிரிக்குப் பக்கத்துல இறங்கியது. ஆனா சுழற்பந்துக்கு அன்னைக்கு இருந்த வரம்பு 5 டிகிரி. தூஸ்ரா போடாதேன்னு இலங்கை வாரியமே சொல்லிடுச்சு.

அப்போதான் கதை திரும்புது. அதே வருஷம் இங்கிலாந்துல நடந்த சாம்பியன்ஸ் டிராஃபியில மத்த பௌலர்களையும் படம் பிடிச்சு அளந்தாங்க. கிட்டத்தட்ட எல்லாருக்கும் முழங்கை கொஞ்சமாவது நிமிருது! ‘சுத்தமான’ ஆக்‌ஷன்னு பேர் வாங்கினவங்களும் அதுல அடக்கம். நிமிராத கைன்னு ஒண்ணு விதிப் புத்தகத்துல மட்டும்தான் இருந்திருக்கு. 2005 மார்ச்சுல இருந்து வேகம், சுழல் எல்லாத்துக்கும் ஒரே வரம்பு: 15 டிகிரி. முரளிக்காக விதியை வளைச்சாங்கன்னு இன்னும் சிலர் சொல்றாங்க. பழைய வரம்பை அப்படியே வெச்சிருந்தா முரளியோட சேர்த்து இன்னும் எத்தனை பேரை வெளியே அனுப்பணும்னு அவங்க யோசிக்கிறதில்லை.

2010 ஜூலை 22, காலி மைதானத்துல முரளி தன்னோட 800-வது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார்.

இப்போ அந்த மாதிரி லேப் நம்ம சென்னை போரூர்லயே, ஸ்ரீ ராமச்சந்திராவுல இருக்கு. 2015-ல சுனில் நரைன் அங்க வந்தார். 2016-ல டஸ்கின் அகமதும் அராஃபத் சன்னியும் சோதனைக்கு அப்புறம் தடை வாங்கினாங்க. தடை கசப்பானதுதான். ஆனா இப்போ பெரும்பாலும் சந்தேகம் வந்தா முதல்ல ரிப்போர்ட், அப்புறம் லேப், கையில ஒரு எண், திருத்திக்கிட்டுத் திரும்பி வர ஒரு வழி. 23 வயசுப் பையனுக்கு 55,000 பேர் முன்னாடி கிடைக்காதது அதுதான்.