நீரிழிவை அளந்த வரலாறு

சித்தூரிலிருந்து பலமனேர் செல்லும் நெடுஞ்சாலையில் பங்காருபாளையம் என்னும் ஊர் இருக்கிறது. கோடையில் அங்குள்ள மாங்காய்ச் சந்தையில் கிளிமூக்கு மாங்காய் மலைபோல் குவியும். சித்தூர்ச் சீமையின் வெல்லமும் பெயர் பெற்றது. இத்தகைய இனிப்பு நாட்டில் ஒருவருக்கு நீரிழிவு கண்டுவிட்டால், வைத்தியர் முதலில் கேட்பது, "சர்க்கரை எவ்வளவு?" என்பதே. "உமது வாழ்வு எப்படி நடக்கிறது?" என்னும் கேள்வியையும் முறையாகக் கேட்டு, விடையை எண்ணில் குறிக்கலாம் என்ற எண்ணம் மிக அண்மைக் காலத்தது.

மதுமேகத்தில் சிறுநீர் இனிக்கும் என்பதைச் சுசுருதரின் நூல் முன்பே குறித்துள்ளது. 1776-இல் மாத்யூ டாப்சன் என்னும் ஆங்கில மருத்துவர் நோயாளியின் சிறுநீரை வற்றக் காய்ச்சி, அதில் சர்க்கரை இருப்பதை மெய்ப்பித்தார். 1922-இல் கனடாவின் டொராண்டோ நகரில் இன்சுலின் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. அதுவரை இன்சுலின் சுரப்பு அற்றுப்போன இளைஞரைச் சில ஆண்டுகளில் கொன்ற நோய், அன்று முதல் கூடவே வாழ வேண்டிய நோயாயிற்று. 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். அப்போது சித்தூரும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததே.

கூடவே வாழும் நோய் என்றதும் புதிய ஐயம் ஒன்று எழுந்தது. 1983-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 நோயாளிகளைக் கொண்டு ஒரு பெரும் சோதனை தொடங்கிற்று. அவர்களுள் ஒரு பகுதியினர் நாள்தோறும் மூன்று முறைக்குக் குறையாமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், அல்லது இன்சுலின் செலுத்தும் கருவியை உடலோடு தாங்க வேண்டும். விரல் நுனியையும் பலமுறை குத்திப் பார்க்க வேண்டும். கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பதற்காக மனிதரை இவ்வளவு வருத்தலாமா? இதை அறியவே ஒரு வினாப் பட்டியலை இயற்றி, 1988-இல் வெளியிட்டனர். சோதனை 1993-இல் முடிந்தபோது கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் கேடு பெரிதும் குறைந்திருந்தது. கடுமையான சிகிச்சையால் வாழ்வு கசந்துவிடவில்லை என்பதையும் அந்த வினாக்களே காட்டின. இரத்தப் பரிசோதனை இதைச் சொல்லியிருக்க முடியாது.

வாழ்க்கைத் தரம் என்றவுடன் நமக்கு வருவாயும் வீடுமே நினைவுக்கு வரும். மருத்துவத்தில் இதன் பொருள் வேறு. தன் வாழ்வைத் தானே எவ்வாறு மதிக்கிறான் என்பதே அங்கு கேள்வி. ஆதலால் மொழி இங்கே முக்கியமாகிறது. 1991-இல் உலக சுகாதார நிறுவனம் இப்பணியை மேற்கொண்டபோது, ஆங்கிலத்தில் எழுதிப் பிறகு பெயர்த்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டு, பதினைந்து நகரங்களில் ஒரே காலத்தில் வினாக்களை உருவாக்கிற்று. அவற்றுள் சென்னையும் தில்லியும் இருந்தன. அவர்கள் கையாண்ட முறை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. பத்து சென்டிமீட்டர் நீளக் கோடு ஒன்றை வரைந்து, அதன் ஒரு முனையை 'இல்லவே இல்லை' என்றும், மறு முனையை 'மிக மிக அதிகம்' என்றும் கொண்டனர். இடைப்பட்ட சொற்கள் அக்கோட்டில் எங்கே நிற்கும் என்று ஊராரையே குறிக்கச் சொன்னார்கள். 'சற்று' பெரிதா, 'ஓரளவு' பெரிதா என்பதை அகராதி தீர்க்காது. பேசுவோர்தாம் தீர்க்க வேண்டும். இவ்வாறு அமைந்த நூறு வினாக்கள் பின்னர் இருபத்தாறாகச் சுருக்கப்பட்டன.

அது எல்லா நோய்க்கும் பொதுவான அளவுகோல். நம் நாட்டு நீரிழிவு நோயாளிகளுக்கென்றே தில்லி மருத்துவர்கள் 34 வினாக்கள் கொண்ட பட்டியலை 2010-இல் வெளியிட்டனர். உணவில் மனநிறைவு, பணக் கவலை ஆகிய இரண்டுக்கும் அதில் தனித் தலைப்புகள் உண்டு. விருந்தில் இலைமுன் அமர்ந்து பாயசத்தை மறுப்பவரின் துன்பம் எண்ணிக்கையில் இடம் பெற்றது நன்றே. ஆயினும் அது நடுத்தர, உயர் வருவாயினரிடமே சோதிக்கப்பட்டது. பங்காருபாளையத்தில் மாங்காய்க் கூடை சுமப்பவர் காலில் புண்ணானால், உணவு நிறைவைவிட அன்றைய கூலியே அவருக்குப் பெரிய வினா. சென்னையிலிருந்து நடத்தப்பெற்று 2023-இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல் என மதிப்பிட்டது. அவர்களுள் கூலிக்காரர் சிலர் அல்லர்.

1953-இல் சித்தூர் ஜில்லா ஆந்திர ராஜ்யத்தோடு சேர்ந்தது. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் தெலுங்கு என்ற இரட்டை வாழ்வு அங்குள்ள தமிழருக்குப் பழகிப்போயிற்று. மும்பையிலும் தில்லியிலும் வாழும் நேயர்களுக்கும் இது புதிதன்று. ஊரிலிருந்து வந்த தாயாரை மகன் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறான். மருத்துவர் இந்தியில் கேட்கிறார். மகன் பெயர்த்துச் சொல்கிறான். "இரவில் கால் எரிகிறது, தூக்கமில்லை; உனக்கு ஏன் தொல்லை என்று சொல்லவில்லை" என்று அந்த அம்மையார் மகன் வாயிலாகச் சொல்வாரா? "அம்மா நலமாகவே இருக்கிறாள்" என்னும் விடைதான் தாளில் ஏறும். அது மகனுடைய விடை. அந்த இருபத்தாறு வினாக்கள் தமிழிலும் உள்ளன. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்குப் பிறர் படித்துக் காட்டவும் விதி இடம் தருகிறது. தமிழ்த் தாள் கிடைக்குமா என்று மருத்துவமனையில் கேட்டுப் பார்க்கலாம். மகன் வெளியே அமர்ந்திருக்க, தமிழறிந்த செவிலியோ அயலாரோ படித்துக் காட்டலாம்.